அவள் இறங்கியதாக ஒரு வரி

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் நீள ஹாலில் நடந்த விடைத்தாள் திருத்தும் முகாமில், ஆங்கிலத் துறைக்கென்று ஒதுக்கியிருந்த ஆறு மேஜைகளிலும் சிவப்புப் பேனாக்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பியூலா மட்டும் பேனா மூடியைத் திறக்காமல், முன்னால் கிடந்த ஒற்றை விடைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் திருத்திக் கொடுத்த தாள் கட்டிலிருந்து, சீஃப் என்று எல்லோரும் சொல்லுகிற தலைமைத் தேர்வாளர் முருகபூபதி அதை மட்டும் உருவிக்கொண்டு வந்து, கடைசிக் கேள்வியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். மரியாதையானவர். நாற்பது வயதுதான் இருக்கும். மேடம், எட்டு மார்க் போட்டிருக்கீங்க, கீயில உள்ள பாயின்ட் எதுவும் இதில இல்ல, ரெண்டுக்கு மேல தாங்காது, டீ வர்றதுக்குள்ள மாத்திக் குடுத்திடுங்க என்று குனிந்து மெதுவாகத்தான் சொன்னார். கீ என்றால் பல்கலைக்கழகம் அனுப்பின விடைக்குறிப்பு. கூட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. எட்டு என்றால் மொத்தம் முப்பத்துநாலு. இரண்டு என்றால் இருபத்தெட்டு. முப்பது வந்தால்தான் பாஸ். மூன்றாம் வருஷத்துக் கடைசிப் பரீட்சை இது, இதில் தவறினால் பட்டம் கிடையாது. தாளின் தலையில் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஓர் எண் மட்டும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பாதியில் நீல மை தீர்ந்து கறுப்பு மையில் தொடர்ந்திருக்கிறது என்பதுதான். பக்கத்தில் யாரிடமோ பேனா கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அந்தக் கறுப்பு மையில் எழுதின பாகம்தான் இப்போது வம்பு. தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை எதிலோ இடித்துக்கொண்டது. டீ மூன்றரைக்கு வரும். இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. ஓர் எட்டை இரண்டு ஆக்குவதற்கு ஒன்றேகால் மணி நேரம்.

கேள்வி பழைய கேள்விதான். ஒரு வருஷம் தவறினாலும் அடுத்த வருஷம் வந்துவிடும். பாடத்தில் உள்ள அமெரிக்க நாவலின் நாயகன் பாத்திரத்தையும் செல்வத்தைப் பற்றிய அதன் கருப்பொருளையும் ஆராய்க. ஆற்றில் மரம் மிதக்கவிடும் கூலிக்காரன் மகன் ஒருவன், தன்னை வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்காகக் கோடீசுவரன் ஆகிறான். குன்றின் மேல் நாற்பது விளக்குள்ள நடன மண்டபத்தோடு வீடு கட்டுகிறான். ஊரே வந்து ஆடிவிட்டுப் போகிறது, அவள் வரவில்லை. வேறு ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு வங்கிக்காரன் மனைவியாக அதே ஊரில் இருக்கிறாள். கடைசியில் அவன் காய்ச்சலில் கிடந்து செத்துப்போகிறான். வீட்டைப் பூட்டிவிடுகிறார்கள். ஒரு நாள் பிற்பகல் அவளுடைய குதிரைவண்டி அந்த வாசலில் வந்து நிற்கிறது. அங்கேதான் நாவல் முடிகிறது. மாணவர்கள் எல்லோரும், முந்நூறு பேரானாலும் மூவாயிரம் பேரானாலும், ஒரே மாதிரிதான் முடிப்பார்கள். அவள் வண்டியிலிருந்து இறங்குகிறாள், பூட்டிய வீட்டைத் திறக்கச்சொல்லி உள்ளே போகிறாள், அணைந்த விளக்குகளுக்கு நடுவே நின்று அழுகிறாள், ஆகவே செல்வத்தை அன்பு வென்றுவிட்டது என்பதே இந்நாவலின் கருப்பொருள். ஆகவே. அந்த ஆகவேயை பியூலா எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பாள். கையெழுத்து மாறும், எழுத்துப்பிழை மாறும், ஆகவே மாறாது. இந்தக் கறுப்பு மைக்காரர் மட்டும், இலக்கணம் காலொடிந்த ஆங்கிலத்தில், ஐந்தே வரியில் வேறு எழுதியிருக்கிறார். வண்டி நின்றது. அவள் இறங்கவில்லை. ஒரு கடையைப் பார்ப்பதுபோல அந்த வீட்டைப் பார்த்தாள். பிறகு வண்டி போய்விட்டது. அவன் கட்டினது வீடுதான், அவளுக்கு அது வழியில் உள்ள ஒன்று. அவ்வளவுதான் எழுதியிருந்தது. அதில்தான் காலையில் அவள் கை தானாக எட்டுப் போட்டது. நாவலில் உள்ளதும் அதுதான். இறங்கவில்லை.

இறங்கவில்லை என்பது இந்த ஹாலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒன்று அவள், இன்னொன்று இந்த எண். மற்றவர்கள் யாரும் நாவலைப் பார்த்ததில்லை. அதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது. பாடத்திட்டத்தில்தான் நாவல் இருந்தது, கடையில் இல்லை. கடையில் கைடு இருந்தது. மதுரையில் அச்சடித்த, மஞ்சள் அட்டை போட்ட, பேராசிரியர் குழு ஒன்று எழுதியதாக முகப்பில் போட்டிருக்கிற கைடு. குழு என்று யாரும் இல்லை. குழு இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஈரக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய மே மாதம் அது. பதிப்பகத்துக்காரர் அவள் கணவனுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். ஒரு வாரம் ராத்திரி பகல் பார்க்காம எழுதிக் குடுத்திரு, பேரு போட மாட்டாங்க என்று கணவன் சொன்னதும் அவளுக்கு மறுக்கத் தோன்றவில்லை. கல்லூரி நூலகத்தில் நாவலின் ஒரே பிரதி இருந்தது. எடுத்து வந்து பார்த்தால் கடைசியில் நான்கு தாள் இல்லை. யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். எம்.ஏ. படிக்கும்போது முழுதாகப் படித்தவள்தானே, ஞாபகம் இல்லாமலா போகும் என்று நினைத்தாள். ஞாபகம் இருந்தது. தெளிவாகவே இருந்தது. பாவாடை விளிம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வண்டிப்படியில் கால் வைப்பதுகூட ஞாபகம் இருந்தது. எழுதிவிட்டாள். ஆறு வருஷம் கழித்து, வெளிநாடு போன பழைய மாணவி ஒருத்தி நாவலின் நல்ல பிரதி ஒன்றை அனுப்பிவைத்தபோது, பால் அடுப்பில் இருக்கக் கடைசி அத்தியாயத்தை நின்றுகொண்டே படித்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. மதுரைக்குப் போன் போட்டால், நல்லா ஓடிக்கிட்டிருக்கு மேடம், அத எதுக்குத் தொட்டுக்கிட்டு என்றார் பதிப்பகத்துக்காரர். அதோடு சரி. தொடவில்லை. வகுப்பில் மட்டும் கைடு படிக்கிறவர்களை வைதுகொண்டிருந்தாள். கைடைக் கையில் பார்த்தால் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிவாள் என்று அவளுக்குக் கல்லூரியில் ஒரு பெயரே உண்டு. இந்த மாதக் கடைசியில் பிரிவுபசாரம். அந்த ஜன்னல் கதையை எப்படியும் ஒருவர் எழுந்து சொல்லுவார், எல்லோரும் சிரிப்பார்கள்.

பக்கத்து மேஜைச் செண்பகவல்லி, பதினோரு வருஷம் அவளோடு இதே முகாமுக்கு வருகிறவள், திருத்தின தாளைப் புரட்டிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். என்னக்கா, நானும் அப்ப புடிச்சுப் பாக்கேன், அந்தத் தாள்ல என்ன புதையலா இருக்கு, நான் வேணும்னா வந்து தோண்டட்டுமா என்றாள். பியூலா சிரித்த மாதிரி ஒன்று செய்தாள். புதையல்தான். செண்பகத்திடம் சொல்லிவிடலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் முகாம் முழுக்கத் தெரியும். அது கெட்ட எண்ணத்தால் இருக்காது, ஒரு நல்ல விஷயத்தைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாத சுபாவம். கைடை எறிஞ்ச அக்காதான் கைடே எழுதினதாம். அந்த வாக்கியம் எப்படிப் போகும் என்று பியூலாவுக்கு இப்போதே கேட்டது. முதலில் டீக்குவளையைச் சுற்றிப் போகும், பிறகு பேருந்தில், பிறகு பிரிவுபசாரத்தில் ஜன்னல் கதை சொல்ல எழுந்தவர் பாதியில் நிறுத்துவார். அவ்வளவுதானா பயம். முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, கடைசி மாதத்தில் ஒருவர் பாதியில் நிறுத்துவார் என்பதுதானா. அதற்கும் இந்த எண்ணின் பட்டத்துக்கும் நடுவே எடை போட என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டாளே தவிர பேனா மூடியைத் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இடது கண்ணில் புரை வளர ஆரம்பித்திருக்கிறது. கழற்றினால் ஹால் முழுக்க வெள்ளையாய், பளிங்கு மாதிரி, ஓர் ஓரமும் இல்லாமல் ஆகிவிடும்.

பளிங்கு. வெள்ளைப் பளிங்குத் தரை, மாடியில், ஜன்னல் திறந்தால் கடல். தனிஸ்லாஸ் வீடு. தூத்துக்குடிக்காரன், அவளோடு பி.ஏ. படித்தவன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர் மகன். மூன்றாம் வருஷக் கடைசியில் யாரிடமோ இரவல் வாங்கின சட்டை போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். சட்டையின் தோள் அவன் தோளுக்குக் கீழே தொங்கிற்று. அம்மா காப்பி கொடுத்தாள். அப்பா, ஹெட்மாஸ்டர், என்ன விஷயமா வந்தீங்க தம்பி என்று கேட்டார். பியூலா கதவுக்குப் பின்னால் அறைக்குள் இருந்தாள். அவன் வந்த விஷயம் அவளுக்குத் தெரியும், அவள் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும். சும்மாதான் சார், லைப்ரரி புத்தகம் ஒண்ணு கேக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். என்ன புத்தகம் என்று அப்பா கேட்கவில்லை. பிறகு இறால் ஏற்றுமதி, பிறகு படகுகள், பிறகு பீச் ரோட்டில் அந்த வீடு. பாதிரியாரைக் கூப்பிட்டுப் புது வீடு மந்திரிக்கிறதுக்குக் கார்டு அனுப்பியிருந்தான், கார்டின் ஓரம் தங்கத்தில். கணவனிடம் காட்டினாள். போயிட்டு வா, கூடப் படிச்சவன்தானே என்று அவர் சொன்னார். ஆட்டோவில் போனாள். வாசலில் வரிசையாய்க் கார்கள், சீரியல் விளக்கு, மேளம், உள்ளே போகிறவர்களின் செண்ட் வாசனை வெளியில் வந்துகொண்டிருந்தது. தனிஸ்லாஸ் வாசலிலேயே நின்று வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். சட்டை இப்போது அளவாக இருந்தது. பிறகு மாடிக்குப் போனது, வெறுங்காலில் பளிங்கின் குளிர்ச்சி, ஜன்னல் வழியாகக் கடல், பந்தியில் வைத்த இறால் தொக்கு இலையின் எந்த மூலையில் இருந்தது என்பதுகூட. இருபத்திரண்டு வருஷமாக அவள் வைத்திருக்கிற ஞாபகம் அது. போனேன், பார்த்தேன், சாப்பிட்டேன், வந்தேன். அதனால் தனிஸ்லாஸிடம் தனக்கு ஒன்றும் பாக்கி இல்லை என்று நினைத்துவந்திருக்கிறாள்.

ஆனால் அந்த மாடியில் தனிஸ்லாஸ் இல்லை. ஏன் இல்லை. வாசலில் கும்பிட்டவன் உள்ளே வந்து, எப்படி இருக்கு வீடு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பானே. அவன் மனைவி எப்படி இருந்தாள். பியூலா மனைவியின் முகத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை. மேளம் நின்றபின் பாதிரியார் செபம் சொல்லியிருப்பார், தீர்த்தம் தெளித்திருப்பார், அதுவும் கிடைக்கவில்லை. பந்தியில் பக்கத்தில் இருந்தது யார். செண்பகம். செண்பகம் இறாலை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த நாத்தத்துக்கு நான் பட்டினி கெடப்பேன்க்கா என்று சொன்னாள். செண்பகத்தைத் தெரிந்ததே பதினோரு வருஷமாகத்தான். அவள் எப்படி இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய பந்தியில் வந்து உட்கார்ந்தாள். மின்விசிறி இடித்தது, இன்னும் ஒரு தடவை இடித்தது, அதற்குள் பியூலாவுக்கு விளங்கிவிட்டது. தனிஸ்லாஸின் தொழில் மூன்றே வருஷத்தில் படுத்துவிட்டது. கொச்சிக்குப் போனான் என்றார்கள். கொச்சியிலும் இல்லை என்றார்கள். வீட்டை வாங்கினவர் அதைக் கல்யாண மண்டபம் ஆக்கினார். கணிதத் துறை ரோஸ்லின் மகள் கல்யாணம் அங்கேதான் நடந்தது, முகாமில் இருந்து எல்லோரும் வேன் பிடித்துப் போனார்கள். பளிங்கு அந்தக் கல்யாணத்தன்று பார்த்தது. கடல் அன்றைக்குள்ளது. இறால் தொக்கு அன்றைக்குள்ளது. மந்திரிப்பு நாளுக்கென்று மிச்சம் இருப்பது ஆட்டோ மட்டும். ஆட்டோவின் ரெக்சின் சீட்டில் ஒரு கிழிசல், விரலை அதற்குள் விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது. டிரைவர் திரும்பி, இந்த வீடுதானம்மா என்று கேட்டது. இல்லப்பா, இது இல்ல, திருப்பு என்று அவள் சொன்னது. ஆட்டோ திரும்பும்போது தனிஸ்லாஸ் கும்பிட்ட கையோடு இந்தப் பக்கம் பார்த்தான். பார்த்தானா, வேறு யாரையாவதா. அது தெரியாது. அதற்கு அடுத்த வாரம்தான் மஞ்சள் அட்டைக் கைடை எழுத உட்கார்ந்தாள், கடைசித் தாள்கள் இல்லாத புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு.

இதில் திடுக்கிட ஒன்றும் இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வேறு ஒருத்தியின் விஷயத்தைக் கேட்பதுபோல இருந்தது. ஒருத்தி போகாமல் திரும்பினாள், திரும்பினதைத் தாங்கிக்கொள்ள வேறு ஒருத்தியை இறங்கச் சொன்னாள், அவள் இறங்கினதைப் படித்துப் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள், எழுதினவர்களில் சிலர் வாத்தியார் ஆகி அதையே சொல்லிக்கொடுத்தார்கள், கடைசியில் அது விடைக்குறிப்பு ஆகிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேர் அவளை அந்த வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருப்பார்கள். பத்து மார்க்குக்காக. இந்த ஒருவர் மட்டும் எங்கேயோ நாவலைத் தேடிப் பிடித்து, தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் அகராதியும் கையுமாகக் கடைசித் தாள் வரை போயிருக்கிறார். போய்ப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறார். அதற்காக இரண்டு மார்க். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேஜை விளிம்புக்கு வந்திருந்தது. மணி மூன்று பத்து. யோசிக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அந்த இருபது நிமிஷமும் உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தேதான் இருப்போம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.  முருகபூபதியின் மேஜைக்கு நடந்தாள். செண்பகம் என்னமோ சொன்னது காதில் விழவில்லை.

முருகபூபதி விடைக்குறிப்பை மேஜைமேல் விரித்து, அதன்மேல் தண்ணீர்ப் பாட்டிலை வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"சார், இந்த எட்டு எட்டாவே இருக்கட்டும்."

"கீயில அப்படி இல்லையே மேடம். அவ இறங்கி உள்ள போயி அழுதான்னுல்லா இருக்கு."

"கீ தப்பு. நாவல்ல அவ இறங்கல."

அவர் சங்கடத்தோடு சிரித்தார். தான் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான் என்றார். பத்து வருஷமாகத் தானே அப்படித்தான் நடத்துகிறேன் என்றார். வயதானவர்களுக்கு இந்த மாதிரி ஒன்று வருவது உண்டு என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்க படிச்சது கைடு, சார். மஞ்சள் அட்டை. அத எழுதினது நான்தான். புத்தகத்துல கடைசித் தாள் இல்லாம, நானா எழுதினேன்."

சத்தமாகத்தான் வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் இரண்டு பேனாக்கள் நின்றன. அவள் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. முருகபூபதி அவளை, முதல் தடவை பார்ப்பதுபோல, சற்று நேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், அந்தக் கைடுலதான் மேடம் நான் பாஸ் ஆனேன் என்றார். அந்தக் கடைசிப் பாராவை இப்போதும் பார்க்காமல் சொல்லுவேன் என்றார். முதல் வருஷம் வேலைக்குச் சேர்ந்து அதை நடத்தினபோது ஒரு பெண் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்து அழுததாகவும், நாமும் ஒரு வாத்தியார்தான் போல என்று அன்றைக்குத்தான் தனக்குத் தோன்றியதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே விடைக்குறிப்பை எடுத்து, கடைசி வரியை விரலால் தடவினார். பியூலா நின்றுகொண்டிருந்தாள். அவர் மறுபடி சீஃப் ஆவதற்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. கீயை மாற்ற முடியாது என்றார். நாலாயிரம் தாள் திருத்தி முடிந்துவிட்டது, மாற்றினால் அத்தனை பேருக்கும் மார்க் இறங்கும், அந்தப் பிள்ளைகள் என்ன தப்புச் செய்தார்கள். அவள் தாளை அவர் முன்னால் வைத்தாள். பிறகு அவரே வழி சொன்னார். மாணவரின் சொந்தக் கருத்து என்று ஓரத்தில் குறித்து ஐந்து கொடுத்துவிடலாம், சொந்தக் கருத்துக்கு ஐந்து வரை இடம் உண்டு, முப்பத்தொன்று வந்துவிடும். அவள் மேஜைமேல் குனிந்து எட்டை அடித்து, ஐந்து போட்டு, மாணவரின் சொந்தக் கருத்து என்று எழுதிக் கையெழுத்திட்டாள். நாவலில் உள்ளது சொந்தக் கருத்து ஆயிற்று. அவள் எழுதினது விடைக்குறிப்பாக இருந்தது. அந்த எண் பாஸ் ஆயிற்று.

திரும்பி வரும்போது யாரும் தலை நிமிரவில்லை. அதிலிருந்தே எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. செண்பகவல்லி ஒரு தாளைத் திருத்தி முடிக்கும்வரை பொறுத்தாள், அவளால் முடிந்த மட்டும். பிறகு, ஏக்கா, அப்ப நான் வாங்கின முதல் வகுப்பும் உங்க கையாலதானா என்றாள், மிக மெதுவாக. கேலியா, கேலி இல்லையா என்று பியூலாவுக்குப் பிடிபடவில்லை. டீ வந்தது. குடித்தாள். சர்க்கரை கூடுதல். அடுத்த கட்டைப் பிரித்து முதல் தாளை எடுத்தாள். உருட்டி எழுதின கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஓரம் விட்டு அழகாகக் கோடு போட்டிருந்தது. நேராகக் கடைசிக் கேள்விக்குப் போனாள். வண்டி நின்றது, அவள் இறங்கினாள், வீட்டைத் திறக்கச் சொன்னாள். எல்லாம் கைடில் உள்ளபடியே, சொல்லுக்குச் சொல். அதற்குப் பிறகு ஒரு வரி கூடுதலாக இருந்தது. அவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நாவலில் அது இல்லை. கைடிலும் இல்லை. எந்த ஊரிலோ ஒரு பிள்ளை, செத்தவன் வீட்டுக்குள் ஒருத்தி செருப்போடு நுழைவது மனசு பொறுக்காமல், அமெரிக்கக்காரியின் செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறது. பியூலா அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு ஓரத்தில் ஒன்பது போட்டாள். போட்ட ஒன்பதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தைத் திருப்பினாள்.